பெற்றோர் ஆசிரியர் கழகச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பெற்றோருக்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

கழகத்தின் வழக்கமான பணிகள் இவ்வாண்டும் தடையின்றி நடந்தன. தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைக்கிறார். சென்ற பொதுக்குழு ஒப்படைத்த பணியைப் பற்றியே இங்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்: மாணவர்கள் சக மாணவர்களைக் கொடுமைப்படுத்துவதைக் குறைப்பது.

பிள்ளைகள் என்றால் சண்டை வரத்தான் செய்யும் என்ற பேச்சு செயற்குழுவிலேயே எழுந்தது. நார்வேயில் 1982 இறுதியில் சிறுவர்கள் மூவர் தற்கொலை செய்துகொண்ட பிறகு, 1983-இல் அந்நாடு பள்ளிகளில் பெரும் இயக்கமே தொடங்கியது. அதில் முக்கியப் பங்காற்றிய உளவியலாளர் டான் ஓல்வியஸ் வகுத்த அளவுகோல் எங்கள் குழப்பத்தைத் தீர்த்தது. வேண்டுமென்றே, திரும்பத் திரும்ப, எதிர்த்து நிற்க முடியாதவர்மேல் நடப்பதே கொடுமை. சம பலமுள்ள இருவர் கட்டிப் புரள்வது சண்டை. ஒரு மாணவியோடு வகுப்பே பேசாமல் ஒதுக்கி வைத்தால், ஓர் அடிகூட விழாவிட்டாலும் அது கொடுமைதான்.

அடுத்து, பெயர் எழுதத் தேவையில்லாத வினாத்தாளோடு பள்ளியின் வரைபடத்தையும் கொடுத்து, பயம் தரும் இடங்களை வட்டமிடச் சொன்னோம். கழிப்பறை, மாடிப்படித் திருப்பம், பள்ளிப் பேருந்தின் பின் இருக்கைகள் ஆகியவற்றிலேயே வட்டங்கள் குவிந்தன. பெரியவர்கள் கண் படாத இடங்கள் அவை. ஒரு தாளில் மட்டும் வகுப்பறையின் கடைசி வரிசை மூலை, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி வட்டமிடப்பட்டிருந்தது. செயற்குழுவில் ஒவ்வொருவரும் அதைக் கையில் வாங்கிப் பார்த்தோம். அதன்பின் இடைவேளைக் கண்காணிப்பை ஆசிரியர்கள் மாற்றி அமைத்துக்கொண்டார்கள். கூடுதல் வேலையை முகம் சுளிக்காமல் ஏற்ற அவர்களுக்குக் கழகம் கடமைப்பட்டிருக்கிறது.

இருவரையும் அழைத்துக் கைகுலுக்க வைத்து அனுப்பும் வழக்கத்தைக் கைவிடுமாறு பள்ளியைக் கேட்டுக்கொண்டோம். அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துச் சமாதானம் பேசினால், அடிபட்டவன் பயத்தில் தலையாட்டுவான். மாலையில் கேட்டுக்கு வெளியே அவன் வாங்குவது இரட்டிப்பாக இருக்கும். இருவரிடமும் தனித்தனியே பேச வேண்டும். ஒரு வாரம் கழித்தும் ஒரு மாதம் கழித்தும் மீண்டும் விசாரிக்க வேண்டும். உடனே டி.சி. கொடுத்து அனுப்புங்கள் என்று கோரிய பெற்றோரின் வேதனை எனக்குப் புரிகிறது. ஆயினும் எடுத்த எடுப்பிலேயே வெளியேற்றும் விதிகளால் பள்ளிகள் பாதுகாப்பானவை ஆகிவிடவில்லை என்பதே அமெரிக்க உளவியல் சங்கக் குழுவின் 2008 ஆய்வு முடிவு.

என் நம்பிக்கை முழுவதும் வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள்மேல்தான். கனடாவில் விளையாட்டுத் திடல்களைப் படம்பிடித்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், பத்தில் ஏறத்தாழ ஒன்பது சம்பவங்களில் சக மாணவர்கள் சுற்றி நின்றனர். குறுக்கிட்டவர்கள் குறைவு. ஆனால் யாரேனும் குறுக்கிட்டபோது, பாதிக்கு மேற்பட்ட சமயங்களில் பத்து விநாடிக்குள் கொடுமை நின்றது. எல்லாக் குழந்தையாலும் தடுக்கப் போக முடியாது. சிரிக்காமல் இருப்பதும், பிறகு போய் அந்தப் பையன் பக்கத்தில் உட்காருவதும், ஆசிரியரிடம் சொல்வதும் எல்லோராலும் முடியும். ஆசிரியரிடம் சொல்வது கோள் மூட்டுவது ஆகாது என்பதை வகுப்புதோறும் எடுத்துச் சொன்னோம்.

கைபேசி வழியாக வரும் கேலியில் நம் வேகம் போதாது. பிள்ளை வந்து சொன்னவுடன் கைபேசியைப் பறித்து வைத்தால், அடுத்த முறை அது வாயே திறக்காது. செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துப் பள்ளிக்குத் தெரிவியுங்கள்.

பெரியவர்களாகிய நமக்கும் ஒன்று: ஆசிரியரோ பெற்றோரோ ஒரு குழந்தையைப் பட்டப்பெயர் சொல்லிச் சிரித்தால், அந்தப் பெயரால் அழைக்க வகுப்பு முழுவதற்கும் அனுமதி கிடைத்துவிடுகிறது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு பரிந்துரைப்பவை: அதே வினாத்தாளை மீண்டும் கொடுத்து மாற்றத்தை அளப்பது, பேருந்து உதவியாளர்களுக்கும் பயிற்சி அளிப்பது, பள்ளி வன்முறைக்கு எதிரான யுனெஸ்கோ நாளான நவம்பர் முதல் வியாழக்கிழமையன்று பெற்றோர் கூட்டம் நடத்துவது. சீண்டும் பிள்ளைகளின் பெற்றோர் இவ்வாண்டுக் கூட்டங்களுக்கு அதிகம் வரவில்லை. அடுத்த ஆண்டு அவர்களை வீடு தேடிச் சென்று அழைப்போம்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

செயலாளர்