கேட்டலாக் எண் அதே, உள்ளே இருக்கும் பொருள் வேறு: டி.பி. பெட்டி, எம்.சி.பி. குறித்துப் புகார்

அனுப்புநர்:
உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்,
திண்டுக்கல்.

பெறுநர்:
பொது மேலாளர்,
தரக் கட்டுப்பாடு மற்றும் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: உங்கள் குறைந்த விலை டி.பி. பெட்டி (வீட்டு மின்சாரத்தைப் பல சர்க்யூட்டுகளாகப் பிரித்துத் தரும் பெட்டி), எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானாகத் துண்டிக்கும், அதாவது ட்ரிப் ஆகும் சுவிட்ச்) வரிசையில் அறிவிப்பின்றிச் செய்யப்பட்ட மாற்றம், அதனால் ஒரு வீட்டில் மெயின் எம்.சி.பி. கருகியது, நீங்கள் அனுப்பிய பதில் ஆகியவை குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் குறைந்த விலை வரிசையை என் வாடிக்கையாளர்களுக்குத் தொடர்ந்து பரிந்துரைத்து வந்தவன் நான். முதலில் வந்த சரக்கைத் திறந்து பார்த்து, மனநிறைவு ஏற்பட்ட பிறகுதான் பரிந்துரைக்கத் தொடங்கினேன். இப்போது அதே கேட்டலாக் எண்ணில், அதே அட்டைப்பெட்டியில் வருவது வேறு பொருள். மாற்றியதை டீலருக்கும் சொல்லவில்லை, எங்களுக்கும் சொல்லவில்லை. விளைவாக ஒரு வீட்டில் மெயின் எம்.சி.பி. கருகிப்போனது. நீங்களோ வயரிங் செய்தவரின் தவறு என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டீர்கள். அந்தக் கோப்பைத் திறக்கச் சொல்லியே எழுதுகிறேன்.

நான் வேலை செய்வது பெரும்பாலும் கடன் வாங்கிக் கட்டும் சிறு வீடுகளில். தளம் போட்டு முடிப்பதற்குள் கையிருப்பு கரைந்துவிடும். மின் வேலை தொடங்கும்போது எதில் குறைக்கலாம் என்றுதான் பேச்சு வரும். டைல்ஸ் நன்றாக இருக்கிறதா என்று வீட்டுக்காரர் பார்த்துச் சொல்லிவிடுவார், தண்ணீர்க் குழாயைத் திருகிப் பார்த்துச் சொல்லிவிடுவார். எம்.சி.பி.யின் உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. "நீங்களே பார்த்து நல்லதாகப் போட்டுவிடுங்கள் தம்பி" என்று விட்டுவிடுவார்கள். முத்திரை இல்லாத சரக்கு பாதி விலைக்குக் கிடைக்கிறது, அதை நான் தொடுவதில்லை. பெரிய நிறுவனங்களின் உயர்வரிசை இவர்களுக்கு எட்டாது. இரண்டுக்கும் நடுவே நம்பி வாங்கக்கூடிய ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் வரிசை வந்தது.

ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே இருந்த உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்த்தேன், செல்லுபடியாகும் உரிமம். எம்.சி.பி.யில் ஐ.எஸ்./ஐ.இ.சி. 60898-1 என்ற தரநிலை எண் இருந்தது. டெர்மினலில், அதாவது இணைப்பு முனையில், வயரை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் கனமான எஃகு; எம்.சி.பி.களுக்கு மின்சாரம் தரும் உலோகப் பட்டையான பஸ்பார் முழுத் தாமிரம். நியூட்ரல் வயர்கள் வந்து சேரும் நியூட்ரல் லிங்கில் ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனித் துளை இருந்தது. ஒரே துளையில் இரண்டு நியூட்ரல் வயரை முறுக்கித் திணித்து வைத்த பெட்டிகளைப் பழுதுபார்த்தே காலம் கழித்தவனுக்கு அது சிறிய விஷயம் அல்ல. கொடுக்கும் பணத்துக்கு இவ்வளவு நேர்மையான பொருளா என்று மகிழ்ந்தேன். சக ஒப்பந்ததாரர்களிடமும் சொன்னேன்.

கடந்த ஏப்ரலில் ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர் ஒருவரின் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் டி.பி. பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை. அவருடைய மகன் ஓடிப்போய் மீட்டர் பலகையில் மெயினை அணைத்திருக்கிறார். நான் போய்த் திறந்தபோது 40 ஆம்பியர் மெயின் எம்.சி.பி.யின் பஸ்பார் பக்க டெர்மினல் உருகிச் சரிந்திருந்தது, பக்கத்து வயர்களின் காப்பு பொசுங்கியிருந்தது, பின்சுவர் கறுத்திருந்தது. அப்போது ஏசி, மோட்டார், இண்டக்‌ஷன் அடுப்பு மூன்றும் ஓடியிருக்கின்றன. எல்லாம் சேர்த்தாலும் 20 ஆம்பியரை ஒட்டித்தான் வரும். 40 ஆம்பியருக்கு அது பாதிச் சுமை.

எம்.சி.பி. ஏன் ட்ரிப் ஆகவில்லை என்று அந்த அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. எம்.சி.பி. கவனிப்பது தன் வழியே ஓடும் மின்னோட்டத்தை. இணைப்பு தளர்ந்தால் மின்னோட்டம் கூடுவதில்லை, தளர்ந்த இடத்தில் வெப்பம்தான் கூடுகிறது. டெர்மினலில் 0.05 ஓம் தடை ஏற்பட்டால் போதும், 20 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 20 வாட் வெப்பம் உண்டாகும். ஏறக்குறைய ஒரு சால்டரிங் அயர்னைப் பெட்டிக்குள் வைத்து மணிக்கணக்கில் எரியவிட்டதற்குச் சமம். அந்தச் சூடு உள்ளே, வெப்பத்தில் வளைந்து ட்ரிப் செய்யும் பைமெட்டல் பட்டையை எட்டினால் சில நேரம் ட்ரிப் ஆகலாம், ஆகாமலும் போகலாம். மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இதில் உதவாது. பேஸில் போவதும் நியூட்ரலில் திரும்புவதும் சமமாக இருக்கும்வரை அது அசையாது. ஆக, டெர்மினலும் பஸ்பாரும் தரமாக இருப்பதைத் தவிர இந்த ஆபத்துக்கு அந்தப் பெட்டிக்குள் வேறு நம்பகமான காவல் இல்லை. நீங்கள் கைவைத்தது சரியாக அந்த இடத்தில்.

பழைய சரக்கில் மீதமிருந்த எம்.சி.பி. ஒன்றையும் புதுச் சரக்கில் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரித்தேன். புதியதில் கிளாம்ப் தகடு மெலிந்திருக்கிறது, திருகு பிடிக்கும் மரைகள் குறைந்திருக்கின்றன. பஸ்பாரை அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தேன். சிவப்புப் பூச்சு போய் உள்ளே வெள்ளை உலோகம் தெரிந்தது. தாமிரம் பூசிய அலுமினியம். அலுமினியத்தின் கடத்துதிறன் தாமிரத்தில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். அலுமினியம் போட்டால் பருமனைக் கூட்டியிருக்க வேண்டும். பருமன் அப்படியே இருக்கிறது. சூட்டில் அது தாமிரத்தைவிட அதிகம் விரியும், திருகின் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கிப் பிடி தளரும். மெலிந்த கிளாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் பொறியாளர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

உங்கள் பதிலுக்கு வருகிறேன். "டெர்மினல் சரியாக முறுக்கப்படவில்லை, நிறுவல் குறைபாடு, உத்தரவாதம் பொருந்தாது" என்று எழுதியிருக்கிறீர்கள். எம்.சி.பி.யின் பக்கவாட்டில் நீங்களே அச்சிட்டிருக்கும் 2 நியூட்டன் மீட்டர் முறுக்கு அளவுக்கு, அந்த அளவைக் கணக்கிட்டு முறுக்கும் டார்க் ஸ்க்ரூடிரைவர் வைத்து முறுக்குவதே என் வழக்கம். உங்கள் களப் பொறியாளர் வந்தபோது, பிரிக்காத பாக்கெட்டிலிருந்து ஒரு புது எம்.சி.பி.யை எடுத்து அவர் கண்முன்னே முறுக்கினேன். 2 வருவதற்கு முன்பே மரை வழுக்கிவிட்டது. அவரும் முறுக்கிப் பார்த்தார், அவருக்கும் வழுக்கியது. படம் எடுத்துக்கொண்டு போனார். இந்தச் சோதனையைப் பற்றி உங்கள் பதிலில் ஒரு வரிகூட இல்லை. அது ஏன் விடுபட்டது என்று எழுத்தில் சொல்லுங்கள்.

போலிச் சரக்காக இருக்கலாம் என்று தொலைபேசியில் ஒருவர் சொன்னார். உங்கள் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரின் ஜி.எஸ்.டி. பில்லை இணைத்திருக்கிறேன், பேட்ச் எண் அதிலேயே இருக்கிறது. உயர்வரிசைக்கு மாறினால் தள்ளுபடி தருவதாகவும் அவர் சொன்னார். அந்தப் பேச்சுதான் எனக்கு மிகவும் வலித்தது. குறைந்த விலைக்கு வாங்குபவர் வசதிகள் குறைவதை ஏற்றுக்கொண்டுதான் வாங்குகிறார். பாதுகாப்பு குறைவதற்கு அவர் சம்மதிக்கவில்லை.

செலவைக் குறைக்க உங்களுக்கு இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. இரட்டைக் கதவு, அக்ரிலிக் ஜன்னல், பளபளக்கும் அட்டைப்பெட்டி, டீலர்களுக்கான வெளிநாட்டுச் சுற்றுலா எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். எந்த வீட்டுக்காரரும் குறை சொல்லமாட்டார். எம்.சி.பி.யின் முகப்பில் கட்டத்துக்குள் போட்டிருக்கும் 10000 என்ற எண்ணையும் உதாரணத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். ஷார்ட் ஆனால் எத்தனை ஆம்பியர் வரை அது பாதுகாப்பாகத் துண்டிக்கும் என்பதைச் சொல்லும் எண் அது. எங்கள் தெருவுக்கு மின்சாரம் தருவது 100 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் அதன் உள்மறுப்பு (இம்பீடன்ஸ்) 4.5 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், டிரான்ஸ்ஃபார்மரின் வாயிலிலேயே ஷார்ட் ஆனாலும் பாயக்கூடியது சுமார் 3,000 ஆம்பியர். சர்வீஸ் வயரைத் தாண்டி வீட்டுக்குள் வரும்போது இன்னும் குறையும். 500 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரை வளாகத்திலேயே வைத்திருக்கும் அடுக்ககத்துக்குக் கணக்கு வேறு. எங்கள் சிறு வீடுகளுக்கு 6000 தாராளம். 10000 என்று போட்டுவிட்டுக் கிளாம்பில் மிச்சம் பிடிப்பதைவிட, 6000 என்று போட்டு அதற்கு உண்மையாக இருந்திருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதுச் சரக்கில் ஒரு 16 ஆம்பியர் எம்.சி.பி.யைத் தெரிந்த பாலிடெக்னிக் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தேன். தரநிலைப்படி அளவீட்டின் 1.45 மடங்கு, அதாவது 23.2 ஆம்பியர் ஓடினால், ஒரு மணி நேரத்துக்குள் ட்ரிப் ஆக வேண்டும். ஒரு மணி நேரம் கடந்தும் ஆகவில்லை. பழைய சரக்கில் ஒன்று அதே மேசையில், அதே மின்னோட்டத்தில் அரை மணி நேரத்துக்குள் விழுந்தது. ஒரே ஒரு உருப்படியை வைத்து முழுச் சரக்கையும் குற்றம் சொல்வது முறையல்ல. அதனால்தான் இந்த பேட்சுக்கு நீங்கள் செய்த சோதனையின் அறிக்கையைக் கேட்கிறேன். 2.5 சதுர மி.மீ. வயரை நம்பி ஒவ்வொரு அறையிலும் பிளக் பாயின்ட் கொடுத்திருக்கிறேன். அந்த வயருக்குக் காவல் இந்த எம்.சி.பி.தான்.

நான் கேட்பவை இவை. கருகிய வீட்டுக்குப் பெட்டி, எம்.சி.பி., வயர், கூலி, சுவர்ப்பூச்சு அனைத்தையும் உங்கள் செலவில் சரிசெய்ய வேண்டும். இந்த பேட்ச் எண் கொண்ட சரக்கை நான் மாட்டிய எல்லா வீடுகளிலும் கூலியோடு சேர்த்து மாற்றித்தர வேண்டும். முகவரிப் பட்டியலைத் தரத் தயாராக இருக்கிறேன். கடைகளில் தேங்கியிருப்பதைத் திரும்பப் பெற வேண்டும். பஸ்பாரும் கிளாம்பும் எந்தத் தேதியிலிருந்து மாற்றப்பட்டன, மாற்றிய பிறகு தரநிலைச் சோதனைகள் மீண்டும் செய்யப்பட்டனவா என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இனி உள்ளே எதை மாற்றினாலும் கேட்டலாக் எண்ணையும் மாற்ற வேண்டும். "நிறுவல் குறைபாடு" என்று எழுதிய கடிதத்தைத் திரும்பப் பெற்று, அதை அந்த வீட்டுக்காரருக்கும் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு என்னிடம் மரியாதையாகவே பேசினார்கள், ஆனால் வேறு ஒருவரை அழைத்து என் வயரிங்கைச் சோதித்தார்கள். அதில் தவறு இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். இருந்தாலும், அவர்கள் அந்த நிலைக்கு வரக் காரணம் உங்கள் கடிதம்.

30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், வீட்டு உரிமையாளர் தம் பெயரில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பொருள் பொறுப்பு விதிகளின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பார். முத்திரை பெற்ற பொருளின் தரம் குறித்து இந்தியத் தர நிர்ணய அமைவனத்துக்கு நான் தனியாகப் புகார் அனுப்புவேன். பிரித்த இரண்டு எம்.சி.பி.களும் கருகிய பெட்டியும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் ஆட்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்; என் முன்னிலையில் பார்க்க வேண்டும், எடுத்துச்செல்ல அனுமதியில்லை.

இணைப்பு: விநியோகஸ்தரின் பில் நகல், கருகிய பெட்டியின் படங்கள், பழைய மற்றும் புதிய உதிரிகளின் படங்கள், ஆய்வகக் குறிப்பு, உங்கள் பதில் கடிதத்தின் நகல்.

இப்படிக்கு,
உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்,
திண்டுக்கல்.