எந்த லீக்கிலும் ஆடாத அணியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் வேல்ஸ் நாட்டு ரெக்ஸம் கால்பந்துக் கழகத்தைப் பற்றி அரைப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. ஹாலிவுட் நடிகர்கள் இருவர் கழகத்தை வாங்கியது, ஆவணத் தொடர் எடுத்தது, ஊர் கொண்டாடியது எல்லாம் சரி. நடுவில் ஒரு வரி: "1978இல் எந்த லீக்கிலும் இடம்பெறாத பிளித் என்ற கத்துக்குட்டி அணியை எளிதில் வீழ்த்தி ரெக்ஸம் காலிறுதிக்கு முன்னேறியது." பேச்சு எஃப்.ஏ. கோப்பையைப் பற்றி; இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ. நடத்தும் நாக்-அவுட் போட்டி அது. ஒரே வரியில் நான்கு பிழை. ஐந்தாவதுக்கு இடம் போதவில்லை போலிருக்கிறது.

ஊர்ப் பெயர் பிளைத். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், நார்தம்பர்லாந்தில், நிலக்கரி ஏற்றி அனுப்பிய துறைமுக ஊர். கழகத்தின் பெயர் பிளைத் ஸ்பார்ட்டன்ஸ். 1899இல் ஃபிரெட் ஸ்டோக்கர் என்பவர் தொடங்கி, பழைய கிரேக்கத்துப் போர்வீரர்கள் மாதிரி நம் பையன்களும் ஆட வேண்டும் என்று வைத்த பெயர். 1909 முதல் சொந்த மைதானம் கிராஃப்ட் பார்க். பச்சை வெள்ளைக் கோடு போட்ட சட்டை. இவ்வளவும் எழுத உங்களுக்கு இரண்டு வரி போதும்.

'நான்-லீக்' என்ற சொல்லை 'லீக் இல்லாத' என்று உங்கள் கட்டுரையாளர் பெயர்த்திருக்கிறார். நான்-வெஜ் ஓட்டல் என்றால் சாம்பார் ஊற்ற மாட்டார்களா? 1888இல் தொடங்கிய ஃபுட்பால் லீக் என்ற ஒரு குறிப்பிட்ட அமைப்பு இருக்கிறது. பிளைத் கதை நடந்த காலத்தில் நான்கு டிவிஷன், 92 கழகங்கள். அந்த 92க்கு வெளியே ஆடுகிறவர்கள் எல்லாரும் நான்-லீக். அவர்களுக்கும் தனித்தனி லீக் உண்டு, அட்டவணை உண்டு, சாம்பியன் உண்டு. பிளைத் அப்போது ஆடியது நார்தர்ன் லீக். அது 1889இல் தொடங்கியது. இன்றும் நடக்கும் லீக்குகளில் ஃபுட்பால் லீக்குக்கு அடுத்தபடியாக உலகிலேயே பழையது அதுதான். உலகின் இரண்டாவது பழைய லீக்கில் ஆடியவர்களைத்தான் 'எந்த லீக்கிலும் இடம்பெறாத' அணி என்று அச்சடித்திருக்கிறீர்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. கட்டுரையின் கதாநாயகன் ரெக்ஸமே 2008இல் கீழே இறங்கி 2023 வரை பதினைந்து ஆண்டு நான்-லீக் அணியாகத்தான் இருந்தது. நடிகர்கள் வாங்கும்போதும் அப்படித்தான். உங்கள் அகராதிப்படி பார்த்தால் அந்தப் பதினைந்து ஆண்டும் ரெக்ஸம் எந்த லீக்கிலும் ஆடவில்லை. அப்படியானால் 2023இல் 46 ஆட்டத்தில் 111 புள்ளி எடுத்து வாங்கிய கோப்பை எங்கிருந்து வந்தது? அதே கட்டுரையின் படத்தில் அந்தக் கோப்பைதான் இருக்கிறது.

தரம் இல்லாததால்தான் வெளியே இருந்தார்கள் என்று வாசகர் நினைப்பார். 1987க்கு முன்பு நான்-லீக்கில் முதலிடம் பிடித்தாலும் மேலே போக நேர் வழி கிடையாது. நான்காம் டிவிஷனில் கடைசி நான்கு இடத்தில் இருப்பவர்கள் மீண்டும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மனுப் போடுவார்கள். வெளியே இருப்பவரும் மனுப் போடலாம். ஓட்டுப் போடுகிறவர்கள் உள்ளே இருக்கும் கழகங்களே. உள்ளே இருப்பவன் உள்ளே இருப்பவனுக்குத்தான் ஓட்டுப் போடுவான். 1980இல் வெளியே இருந்த ஆல்ட்ரிங்கம் ஒரே ஓட்டில், 25க்கு 26 என்று, உள்ளே இருந்த ராச்டேலிடம் தோற்றது. 1987இல்தான் ஸ்கார்பரோ ஆடி ஜெயித்து நேராக உள்ளே போனது, லிங்கன் சிட்டி வெளியே வந்தது. அந்த ஓட்டு முறையை உங்கள் பத்திரிகை முன்பு ஒருமுறை 'மறுதேர்தல்' என்று எழுதியது. இடைத்தேர்தல் செய்தி தவறி விளையாட்டுப் பக்கத்துக்கு வந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

கத்துக்குட்டிக்கு வருகிறேன். சொல்ல வந்தது அமெச்சூர் என்றால் அதுவும் தப்பு. அமெச்சூர், தொழில்முறை என்ற பிரிவையே எஃப்.ஏ. 1974இல் எடுத்துவிட்டது. அனுபவம் இல்லாதவர் என்ற பொருளில் எழுதியிருந்தால் இன்னும் மோசம். அந்த அணியில் இருந்த ஆலன் ஷோல்டர் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். அதே 1978 டிசம்பரில் நியூகாசில் யுனைடெட் அவரை விலைக்கு வாங்கியது. அடுத்து ஸ்டீவ் கார்னியும் அங்கே போனார். நியூகாசில் கத்துக்குட்டிகளைத் தேடி வாங்கியதா?

அந்த சீசனில் பிளைத் எஃப்.ஏ. கோப்பையின் தகுதிச் சுற்றுகளிலிருந்து ஏறி வந்தது. முதல் சுற்றில் பர்ட்டன் ஆல்பியன், இரண்டில் செஸ்டர்ஃபீல்ட், மூன்றில் என்ஃபீல்ட், மூன்றும் 1-0. நான்காவதில் ஸ்டோக் சிட்டியை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று வென்றது. 1978 பிப்ரவரி 6. டெரி ஜான்சன் போட்ட முதல் கோலுக்கு ஸ்டோக் இரண்டு திருப்பிக் கொடுத்தது. கார்னி சமன் செய்தார். முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது மறுபடி ஜான்சன்.

ஐந்தாம் சுற்று பிப்ரவரி 18, ரெக்ஸம் மைதானத்தில். அந்த ஆண்டு மூன்றாம் டிவிஷன் சாம்பியனான அணியை, அதன் வீட்டிலேயே, கடைசி நிமிடம் வரை 1-0 என்று பிளைத் வைத்திருந்தது. ஜான்சன்தான் அதிலும். கடைசியில் ரெக்ஸமுக்கு ஒரு கார்னர், அதாவது மைதான மூலையிலிருந்து உதைக்கும் வாய்ப்பு. அது கார்னரே இல்லை, பந்து பிளைத்துக்கு வர வேண்டிய கோல் கிக் என்பது பிளைத் ஆட்களின் வாதம். போகட்டும். கார்னரை அடித்தார்கள், பிளைத் சமாளித்துவிட்டது. நடுவர் ஆல்ஃப் கிரே விசில் ஊதி, மூலைக் கொடி நேராக நிற்கவில்லை, திரும்ப அடி என்றார். திரும்ப அடித்ததில் டிக்ஸி மெக்நீல் கோல் போட்டார். 1-1. இதற்குப் பெயர்தான் 'எளிதில்'.

கொடிக்கம்பம் ஏன் விழுந்தது என்பது மைதான வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும். தரை உறைந்து கிடந்தது. மேல் மண் கல்லாகிவிட்டால் கம்பு இரண்டு அங்குலத்துக்கு மேல் இறங்காது. சுத்தியலால் அடித்தால் கம்பு பிளக்கும். குழியை ஆட்டி ஆட்டிப் பெரிதாக்கினால் கம்பு தளரும், உதைக்க வருகிறவன் உரசினாலே சாயும். விதிப்படி கம்பம் ஒன்றரை மீட்டருக்குக் குறையக் கூடாது, முனை கூராக இருக்கக் கூடாது, உதைக்கிறவன் அதை நகர்த்தவும் கூடாது. ஒன்றரை மீட்டர் கம்புக்கு ஒரு அடியாவது மண்ணுக்குள் பிடிப்பு வேண்டும். நம்மூரில் பனி கிடையாது. ஆனால் மே மாதத்துக் கரிசல் தரையில் நடப்பது இதேதான். முதல் நாள் சாயங்காலம் நான்கு மூலையிலும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, காலையில் கடப்பாரையால் ஒரு அடி ஆழம் குத்தி, ஒன்றரை அங்குலக் குழாய்த் துண்டைத் தரையோடு தரையாகப் புதைத்துவிட்டுக் கம்பைச் செருக வேண்டும். ஆடுகிற நேரத்தில் வந்து சுத்தியலைத் தேடினால் காரியம் கெட்டுப்போகும். முட்டுக் கொடுக்கக் கல் வைப்பதும் கூடாது, பையன்கள் முட்டியைப் பேர்த்துக்கொள்வார்கள். பல மைதானங்களில் கொடி நட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கம்பு விழுந்தது ரெக்ஸத்தின் திறமையால் அல்ல.

மறு ஆட்டம் பிப்ரவரி 27. கிராஃப்ட் பார்க் கொள்ளாது என்று நியூகாசிலின் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் வைத்தார்கள். கூட்டம் 42,167. இடம் கிடைக்காமல் வெளியே நின்றவர்கள் தனி. ரெக்ஸம் 2-1 என்று வென்றது, அதில் ஒன்று பெனால்டி. காலிறுதியில் ஆர்சனலிடம் தோற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதுவரை எந்த நான்-லீக் அணியும் எட்டாத காலிறுதியை பிளைத் ஒரு கொடிக் கம்பால் தவறவிட்டது. 2017இல் லிங்கன் சிட்டிதான் அங்கே போய்ச் சேர்ந்தது. உங்கள் கட்டுரையில் கொடியும் இல்லை, மறு ஆட்டமும் இல்லை. முன்பு ஒருமுறை மறு ஆட்டத்தை 'ரீப்ளேயில் தோற்றது' என்று எழுதி, டிவியில் திரும்பப் போட்டுக் காட்டும்போது தோற்றார்கள் என்று வாசகர் நினைக்கும்படி செய்ததும் இதே பக்கம்தான்.

2024இல் முதல் சுற்றிலிருந்தே மறு ஆட்டங்களை ரத்து செய்தபோது, 'வீரர்களின் சுமை குறைந்தது' என்று தலைப்பிட்டு மகிழ்ந்தீர்கள். யாருடைய சுமை? கோப்பை ஆட்டத்தில் அப்போது செலவு போக வசூலில் இரு அணிக்கும் தலா 45 சதவீதம், மீதி 10 பொது நிதிக்கு. சின்ன ஊர்க் கழகம் பெரிய அணியுடன் சமன் செய்தால் மறு ஆட்டத்தில் இரண்டாவது வசூல் கிடைத்துவந்தது. கூரை ஒழுகுவதை அடைத்ததும் வடிகால் போட்டதும் அந்தக் காசில்தான். அதைப் பற்றி ஒரு வரி எழுதி அனுப்பினேன். வாசகர் கடிதப் பகுதியில் வணக்கமும் நன்றியும் மட்டும் அச்சாகியிருந்தது.

2015 ஜனவரியில் இதே பிளைத், பர்மிங்காம் சிட்டிக்கு எதிராக ராபி டேல் போட்ட இரண்டு கோலால் இடைவேளையில் முன்னிலை பெற்று, 3-2 என்று தோற்றது. அன்று உங்கள் பக்கத்தில் நகைக்கடை விளம்பரம். 2024இல் பிளைத் இங்கிலாந்து லீக் அடுக்கின் ஆறாம் நிலையிலிருந்து ஏழாம் நிலைக்கு இறங்கியது. அன்றும் விளம்பரம்தான், கடை மட்டும் வேறு.

உங்களுக்குத் தெரியாதது ஒன்றையும் நான் எழுதிவிடவில்லை. கேட்பது நான்கு வரித் திருத்தம். பிளித் அல்ல, பிளைத் ஸ்பார்ட்டன்ஸ். நார்தர்ன் லீக் அணி. முதல் ஆட்டம் 1-1, மறு ஆட்டம் 2-1. 'எளிதில்' என்ற சொல்லை எடுத்துவிடவும். முதல் பக்கம் வேண்டாம், ராசிபலனுக்குக் கீழே இடம் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
முப்பது ஆண்டுச் சந்தாதாரர், ஓய்வுபெற்ற லைன்ஸ்மேன்,
விருதுநகர் மாவட்டம்