அப்பாவ அட்மிட் பண்றதுக்கு முன்னாடி

சுமதி,

இவ்ளோ நாளா எழுதலன்னு திட்டுவ, திட்டிக்கோ. பாப்பாக்கு காய்ச்சல் விட்டுடுச்சா? அப்பாவுக்கு குடல் ஆபரேஷன்னு உன் மெசேஜ் பாத்ததுலருந்து எனக்கு வேற எதுவும் ஓடல.

போன வாரம் எங்க சர்ஜரி வார்டுல ஒரு பெரியவர். உயரமான ஆளு, ஒல்லி உடம்புன்னு எல்லாரும் தாண்டி போயிட்டாங்க, கேஸ் ஷீட்ல எடை எழுதற இடம் காலி. வாட்ச் முழங்கை வரைக்கும் ஏறி இறங்குது, நெத்திப்பொட்டு ரெண்டும் குழி விழுந்து கெடக்கு. சம்சாரத்த கேட்டா "சட்டைய ரெண்டு தடவ பிடிச்சு தச்சேன்மா"ங்கறாங்க. ஓபிலருந்து மெஷின தூக்கிட்டு வந்து ஏத்தினா 54 கிலோ, ஆபரேஷனுக்கு எழுதி குடுத்தப்ப, அதாவது நாலு மாசம் முன்னாடி, 62ன்னு பழைய சீட்டுல இருக்கு. 'மஸ்ட்'னு, ஊட்டச்சத்து குறைவு இருக்கான்னு மார்க் போட்டு பாக்கற ஒரு முறை இருக்கு; அந்த கணக்குல பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்ளோங்கற அளவு) 19க்கு 1, பத்து சதவீதத்துக்கு மேல எடை போனதுக்கு 2, மொத்தம் 3. 2 வந்தாலே ஹை ரிஸ்க்டி! அஞ்சு நிமிஷ வேலை இது, அதுகூட யாரும் செய்யல, எனக்கு வந்த கோவம் இருக்கே.

அதான் சொல்றேன், அட்மிஷன் அன்னைக்கே அப்பாவ எடை பாக்க சொல்லி கேளு. ஆறு மாசம் முன்னாடி எவ்ளோ இருந்தார்னு பழைய சீட்டுல தேடி வை. கால்ல நீர் கோத்திருந்தா எடை ஏமாத்திடும், அப்ப மேல்கை சுத்தளவு பாக்கணும், 23.5 சென்டிமீட்டருக்கு கீழன்னா கவலைப்படணும். ரத்த டெஸ்ட்ல ஆல்புமின்ங்கற புரோட்டீன் நார்மல்னு சொன்னா அதோட விட்டுடாத, நல்லா சாப்பிடறவங்களுக்கும் இன்ஃபெக்‌ஷன் வந்தா அது இறங்கும், பட்டினி கெடக்கறவங்களுக்கு நார்மலாவும் இருக்கும்.

அப்புறம் அத்தை "குளுக்கோஸ்தான் ஏறுதே"ம்பாங்க. அரை லிட்டர் 5% பாட்டில்ல 25 கிராம் சர்க்கரைதான், நூறு கலோரிக்கு மேல தேறாது, புரோட்டீன் சுத்தமா கிடையாது. சுவிட்சர்லாந்துல எட்டு ஆஸ்பத்திரில ரெண்டாயிரம் பேருக்கு மேல சேத்து ஒரு ஆய்வு, 2019ல வந்துச்சு: வழக்கமான ஆஸ்பத்திரி சாப்பாடு சாப்பிட்டவங்கள்ல 30 நாளுக்குள்ள சுமார் 10% பேர் இறந்தாங்க, ஆளுக்கு ஏத்தமாதிரி கணக்கு போட்டு குடுத்தவங்கள்ல 7%. வெறும் சாப்பாட்டுலடி!

ஆனா பல நாளா சரியா சாப்பிடாம இருந்தார்னா திடீர்னு நிறைய குடுக்கவும் கூடாது, ரத்தத்துல இருக்கற ஃபாஸ்ஃபேட்ங்கற தாது உப்பு சட்டுனு இறங்கி இதயத்துக்கே ஆபத்தாயிடும், டயட்டீஷியன் பாத்து கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும்.

இன்னைக்கு ராத்திரியே அப்பா என்ன சாப்பிட்டார், எவ்ளோ மிச்சம் வெச்சார்னு எழுதி அனுப்பு. ஆபரேஷன் தேதி தெரிஞ்சதும் சொல்லு, லீவு போட்டுட்டு வரேன்.

மீனா