ஞாயிறு ஹரிக்கேன் மாதிரி விமானத்துக்கு பெயின்ட்

ஞாயிறு பின்னேரம் 3 மணிக்கு, கல்லடியில நம்மட விறாந்தையிலதான். மழை பெய்தா பெயின்ட் இல்ல, ஒட்டுற வேலை மட்டும். போன கிழமை ஈரக்காத்துக்குள்ள அவசரப்பட்டு வார்னிஷ் அடிச்சு, 17 சென்ரிமீற்றர் இறக்கை முழுக்கச் சாம்பல் பூத்தமாதிரி வெளுத்துப்போச்சு. என்ட பிழைதான்.

மேல்பக்கம் மண்ணிறமும் கரும்பச்சையும். மண்ணிறத்தை முதல்ல அடிங்க, ஒருநாள் காயவிட்டு மறுகா பச்சை அடிக்க, மண்ணிறத்தை மறைச்சு ரேப் ஒட்டுங்க.

விமானத்தில இருக்கிற பிரித்தானிய வட்டச்சின்னத்தில நடுச்சிவப்பு இருக்கட்டும், தம்பிமாரே. நாம செய்யிறது 1942 ஏப்ரல் 9, ஜப்பான்காரன்ட தாக்குதலுக்கு எதிரா திருகோணமலை சீனக்குடாவில எழும்பின விமானம். ஜப்பான்காரன்ட சின்னமெண்டு மாறிப்போகாம சிவப்பை எடுத்தது பிறகுதான். அண்டைக்குத்தான் பிரித்தானியாட விமானந்தாங்கி ஹேர்மிஸ் கப்பலும் நம்மட கடல்ல தாண்டது.

பழைய பல்துலக்கி, குண்டூசி கொண்டுவாங்க. தேத்தண்ணி நம்மட செலவு.