சோளத்தட்டின் தரம் அறிய உதவியவர்களுக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம். திருச்செங்கோடு வட்டாரத்தில் மானாவாரி நிலத்தில் சோளம் விதைத்து, அதன் தண்டும் இலையுமான தட்டை உலர்த்திப் போராக அடுக்கி, அதைக் கொண்டே கோடை முழுவதும் கறவை மாடுகளைக் காப்பாற்றி வரும் எங்கள் ஊர்ப் பால் உற்பத்தியாளர்கள் சார்பில் இம்மடலை எழுதுகிறோம். போரில் இருக்கும் தட்டில் என்ன சத்து இருக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்க்கவும், அதைக் கொண்டு அறுக்கும் பருவத்தையும் உலர்த்தும் முறையையும் திருத்திக்கொள்ளவும் துணைநின்ற அனைவருக்கும் எங்கள் நன்றி உரியது.

முதலில், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தின் தீவன ஆய்வகத்தாருக்கு நன்றி. கோழிப்பண்ணைகளுக்குப் பெயர்போன ஊரில் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் ஆய்வுக்கு வருவது இயல்பு; சாக்கில் தட்டைத் திணித்துக்கொண்டு போய் நின்ற எங்களை அவர்கள் அதே மதிப்போடு வரவேற்றார்கள். மாதிரி எடுப்பதிலிருந்தே பாடம் தொடங்கியது. வெயிலும் மழையும் பட்ட மேற்பக்கத் தட்டை மட்டும் உருவிக்கொண்டு போனால் முடிவு அந்த மேற்பக்கத்தைப் பற்றியதாகவே இருக்கும். ஆகவே, போரின் நாலா புறமும் முழங்கை ஆழத்துக்குக் கையை விட்டு உருவி, நறுக்கி, ஒன்றாகக் கலந்து, வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு மீண்டும் கலந்து, அரைக் கிலோ அளவுக்குக் கொண்டுவரும் முறையைச் செய்தே காட்டினார்கள்.

புரதம் அளக்கும் மேசைக்கு அருகிலும் எங்களை நிற்க வைத்தார்கள். அமிலத்தில் கரைத்த தட்டுப் பொடியிலிருந்து அம்மோனியா ஆவியாகி வந்து சேரச் சேர, குடுவையில் இருந்த இளஞ்சிவப்பு நீர் பச்சையாக மாறியது. அதிலிருந்து நைட்ரஜனைக் கணக்கிட்டு 6.25ஆல் பெருக்கினால் கிடைப்பதே அறிக்கையில் வரும் புரதம் என்றும், டென்மார்க்கைச் சேர்ந்த கெல்டால் 1883இல் வகுத்த முறை இது என்றும் விளக்கினார்கள். கண்ணால் பார்த்த பிறகு அந்த எண்ணை யாரும் சந்தேகிக்கவில்லை.

அறிக்கையைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தால் எங்களில் பலர் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருப்போம். ஊருக்கே வந்து, பால் சங்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து, வரி வரியாகப் படித்துச் சொன்ன பேராசிரியர்களுக்கும் மாணவ மாணவியருக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். கதிர் முற்றி, தானியம் கைக்கு வந்த பிறகு அறுக்கும் தட்டில் புரதம் பெரும்பாலும் 4 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். மாட்டின் பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் நாரைச் சரிவரச் செரிக்கவே ஏறத்தாழ 7 சதவீதம் தேவைப்படுகிறது. பாதிப் பயிர் பூத்திருக்கும்போது அறுத்து உலர்த்தினால் அந்த அளவை எட்ட முடியும். அதற்காக இளம்பயிரை அறுத்து அப்படியே மாட்டுக்குப் போட்டுவிடவும் கூடாது. வாடி நிற்கும் இளஞ்சோளத்தில் மாட்டுக்கு நஞ்சாகும் ஹைட்ரோசயனிக் அமிலம் மிகுந்திருக்கும் என்பதையும் எச்சரித்தார்கள். தானியம் வேண்டாம் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. தானியத்துக்கு ஒரு வயல், அடர்த்தியாக விதைத்துப் பூவில் அறுக்க இன்னொரு வயல் என்று பிரிக்கச் சொன்னதும், முற்றிய தட்டோடு கடலைக்கொடியைக் கலந்து போடச் சொன்னதும் எங்கள் கைக்கு எட்டும் யோசனைகள். அதனால்தான் அவை நிலைத்தன.

எங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்து மருத்துவருக்கும் நன்றி. ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் போர் ஏற்றினால் உள்ளே சூடு பிடித்துப் பூஞ்சை பூக்கும் என்பதை அவர் விடாமல் சொல்லி வந்தார். தட்டின் கணுவை நகத்தால் சுரண்டிப் பார்த்து, தோல் உரிந்து வந்தால் இன்னும் காய வேண்டும் என்று அறியும் வழியையும், போருக்குள் இரும்புக் கம்பியைச் செருகிச் சிறிது நேரம் கழித்து உருவித் தொட்டுப் பார்க்கும் வழியையும் அவரே கற்றுத் தந்தார். பூஞ்சைத் தீவனத்தில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருந்தால் அது பாலிலும் இறங்கும் என்றும், பாலில் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதி என்றும் கேட்ட பிறகு, கறுத்த தட்டை உதறி மாட்டுக்குப் போடும் பழக்கம் குறைந்திருக்கிறது.

கட்டி முடித்து, ஓலை வேய்ந்த போரைப் பாடத்துக்காகப் பிரிக்க முன்வந்த அம்மாவை எப்படிப் பாராட்டுவது? போரைப் பிரிப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது கட்டியவர்களுக்குத்தான் தெரியும். மறுபடியும் அதை ஏற்றிக் கொடுத்த ஆட்கள் கூலி வாங்க மறுத்துவிட்டார்கள். அவர்களுக்கும், மாதிரிகளை நாமக்கல் கொண்டு சேர்த்த பால் வண்டி ஓட்டுநருக்கும், கணக்கு வழக்குகளைப் பார்த்துக்கொண்ட சங்கச் செயலாளருக்கும் எங்கள் நன்றி.

வரும் தை அறுப்புக்கும் மாதிரி எடுக்க இருக்கிறோம். பாலித்தீன் பைகளும் சீட்டுகளும் சங்கத்தில் இருக்கின்றன. பூவில் அறுத்ததா, கதிர் முற்றி அறுத்ததா, அறுத்த நாள் எது, நடுவில் மழை பட்டதா என்ற விவரங்களைச் சீட்டில் எழுதிப் பைக்குள் போட்டுக் கட்டித் தருமாறு அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
பால் உற்பத்தியாளர்கள்,
திருச்செங்கோடு வட்டம், நாமக்கல் மாவட்டம்.