வண்டியை ஓட்டுவது யார் என்பதைப் புறப்படும் முன் பேச வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறைக்குச் சென்னையிலிருந்து சொந்த ஊருக்குக் காரில் கிளம்பும் குடும்பங்கள் டயரில் காற்றுப் பார்க்கின்றன, ஃபாஸ்டேகில் பணம் போடுகின்றன, பரனூர் சுங்கச்சாவடி நெரிசலுக்குப் பயந்து அதிகாலை மூன்று மணிக்கே புறப்படலாமா என்று கணக்குப் போடுகின்றன. ஆனால் கணவன், மனைவி இருவருக்கும் ஓட்டத் தெரிந்த வீடுகளில்கூட, இன்று யார் ஓட்டுவது என்ற பேச்சு மட்டும் எழுவதில்லை. கணவர் சாவியை எடுக்கிறார். மனைவி தண்ணீர்ப் பாட்டில்களையும் சாப்பாட்டுப் பையையும் எடுத்துக்கொண்டு இடப்பக்க இருக்கையில் அமர்கிறார். என் வீட்டிலும் பல ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது. அதனால் சென்ற ஆண்டு எங்கள் இருவர் உயிரும் போயிருக்கும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எனக்கு 61 வயது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். என் மனைவி ஆசிரியை. 2009இல் ஓட்டுநர் உரிமம் பெற்ற அவர், ஆதம்பாக்கத்திலிருந்து மேடவாக்கத்துக்கு அப்பாலுள்ள பள்ளிக்கு, வேளச்சேரி நெரிசலில், மழை தேங்கிய நாட்களிலும், தாமே காரை ஓட்டிச் சென்று திரும்புகிறவர். ஓட்டும் பழக்கம் என்று பார்த்தால் என்னைவிட அவருக்கே அது அதிகம். ஆயினும் நாங்கள் இருவரும் சேர்ந்து புறப்படும் நாளில், அவர் தம் உயரத்துக்கு ஏற்ப முன்னே இழுத்து வைத்திருக்கும் இருக்கையை, அடியிலுள்ள கம்பியைத் தூக்கி நான் பின்னே தள்ளிவிட்டு அமர்வேன். மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும்போது அவர் அதை மறுபடியும் முன்னே இழுத்துக்கொள்வார். இத்தனை ஆண்டுகளில் இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

சென்ற ஆண்டு வைகாசியில் கும்பகோணத்தில் நெருங்கிய உறவினர் வீட்டுத் திருமணம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, முகூர்த்தம் முடிந்து, வந்தவர்களைக் கவனித்து, பகலில் கண்ணயராமலே இரவு எட்டு மணிக்குச் சென்னைக்குக் கிளம்பினேன். சளிக்காக ஒரு மாத்திரையும் போட்டிருந்தேன். அது தூக்கத்தை வரவழைக்கும் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னதும் நினைவில் இருந்தது. மனைவியோ பிற்பகலில் மண்டபத்து அறையில் இரண்டு மணி நேரம் நன்றாகத் தூங்கி எழுந்திருந்தார். அன்று யார் ஓட்டியிருக்க வேண்டும் என்று ஒரு குழந்தையைக் கேட்டாலும் சொல்லியிருக்கும். நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

சேத்தியாத்தோப்பு, வடலூர், பண்ருட்டி என்று வரும்வரை வளைவும் வேகத்தடையும் என்னை விழிக்க வைத்திருந்தன. விக்கிரவாண்டியில் திருச்சி நெடுஞ்சாலையைப் பிடித்த பிறகு சாலை அகன்று நேராக ஓடியது. நேரான சாலையில்தான் கண் சொக்கும். அச்சிறுபாக்கத்தைத் தாண்டியபோது நள்ளிரவு கடந்திருந்தது. வலப்பக்கச் சக்கரங்கள் சென்டர் மீடியனின் விளிம்பில் உரசிய சத்தத்தில் நான் விழித்தபோது, மனைவியின் கை ஏற்கெனவே ஸ்டீயரிங்கைப் பிடித்து இடப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் பின்னால் லாரியோ பேருந்தோ இல்லாததால்தான் இன்று எழுத முடிகிறது. மேல்மருவத்தூர் அருகே ஒரு தேநீர்க் கடையோரம் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தோம். இரண்டு சக்கரங்களின் விளிம்பும் தேய்ந்திருந்தன, வலப்பக்கக் கண்ணாடி உடைந்து ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது.

அங்கே நின்றபடி என் மனைவி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பத்து நிமிஷமா உங்க தலை ஆடறதைப் பார்த்துட்டுத்தாங்க இருந்தேன். சொன்னா கோபப்படுவீங்கன்னு பேசாம இருந்துட்டேன்."

ஆசிரியர் அவர்களே, தூங்கியது என் உடலின் பலவீனம். ஆனால் என் உயிரும் தம் உயிரும் போகக்கூடிய நேரத்தில்கூடப் பேசத் தயங்கும்படி அவரை ஆக்கி வைத்திருந்தேனே, அதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது. அவர் முன்பெல்லாம் பேசாதவர் அல்லர். "கொஞ்சம் மெதுவாப் போங்க" என்றும், "அந்த பஸ்ஸை முந்த வேண்டாம்" என்றும் சொல்லியிருக்கிறார். அப்போதெல்லாம் நான் கொடுத்த பதில் "அப்ப நீயே ஓட்டு" என்பது. நம் வீடுகளில் இந்தச் சொற்கள் வாயை அடைக்கத்தான் பயன்படுகின்றன. இதைக் கேட்டு எந்த மனைவியும் "சரி, நிறுத்துங்கள், நான் ஓட்டுகிறேன்" என்று இறங்கி வந்ததாக நான் அறியேன். சொல்பவரும் அதை எதிர்பார்த்துச் சொல்வதில்லை. பின் இருக்கையில் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கும்போது இப்படி நான்கு முறை சொன்னால், ஐந்தாவது முறை அவர் எதற்காக வாய் திறப்பார்?

மனைவியின் பள்ளியில் பணியாற்றும் ஓர் ஆசிரியை, தம் கணவருக்கு முதுகுவலி என்பதால் சென்னையிலிருந்து விழுப்புரத்துக்கு அப்பாலுள்ள மாமியார் ஊர் வரை தாமே ஓட்டிச் செல்கிறார். ஊர் எல்லையில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி இருவரும் இடம் மாறிக்கொள்கிறார்கள். 150 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிய பெண், கடைசி இரண்டு தெருக்களைக் கணவர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து வீட்டு வாசலில் இறங்குகிறார். "அவன் சும்மா உட்கார்ந்து வர, இவ ஓட்டிட்டு வர்றா" என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். அந்தக் கணவரை நான் குறை சொல்லவில்லை; தம் முதுகுவலியை மதித்து மனைவியிடம் சாவியைக் கொடுக்கும் தெளிவு அவருக்கு இருக்கிறது. வாசலில் நிற்கும் நாம்தான் அந்தப் புளியமரத்தடி நிறுத்தத்துக்குக் காரணம். கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த வசந்தகுமாரி 1993இலேயே அரசுப் பேருந்து ஓட்டுநராகச் சேர்ந்து, வண்டி நிறையப் பயணிகளை ஏற்றிச் சென்ற மாநிலம் இது.

"வண்டி என் பெயரில் இருக்கிறது, இன்சூரன்ஸ் என் பெயரில் இருக்கிறது, நான்தான் ஓட்ட வேண்டும்" என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. நானும் அப்படி நம்பியிருந்தேன். செல்லத்தக்க உரிமம் உள்ள எவரும் உரிமையாளரின் சம்மதத்துடன் ஓட்டலாம். வாகனத்துக்கும் மூன்றாம் நபருக்குமான காப்பீடு அதனால் இல்லாமல் போவதில்லை. ஆனால் கவனிக்க வேண்டிய இடம் வேறொன்று உண்டு. காப்பீட்டுடன் கட்டாயமாக எடுக்கப்படும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, உரிமையாளராகவும் ஓட்டுநராகவும் இருப்பவருக்கே உரியது. கார் கணவர் பெயரில் இருந்து மனைவி ஓட்டினால் அந்தக் காப்பீடு மனைவிக்கு இல்லை. வங்கிக் கடனுக்கு வட்டி குறையும் என்று உரிமம் இல்லாத மனைவியின் பெயரில் காரைப் பதிவு செய்திருந்தாலோ, அந்த 15 லட்சம் இருவரில் எவருக்கும் கிடைக்காது. இருவரும் ஓட்டும் வீட்டில், உடன் பயணிப்பவர்களுக்கும் ஓட்டும் மற்றவருக்கும் பொருந்தும் காப்பீட்டைக் கேட்டு வாங்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அல்லது மனைவி பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுக்க வேண்டும். பாலிசியைப் புதுப்பிக்கும்போது முகவர்கள் இதைத் தாமாகச் சொல்வதில்லை என்பது என் அனுபவம்.

இருசக்கர வாகனத்தில் நிலைமை இன்னும் வெளிப்படையானது. மனைவி நாள்தோறும் வேலைக்கு ஓட்டிச் செல்லும் அவருடைய ஸ்கூட்டரையே, ஞாயிற்றுக்கிழமை இருவரும் கோயிலுக்குச் செல்லும்போது கணவர் ஓட்டுகிறார். மனைவி சேலையுடன் ஒருபக்கமாக அமர்ந்து, மடியில் குழந்தையை வைத்துக்கொள்கிறார். வீட்டிலுள்ள ஒரே ஹெல்மெட் யார் தலையில் இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் அமர்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்பதைச் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2022 மே மாதத்திலிருந்து கடுமையாகவே நடைமுறைப்படுத்தியது. இன்றும் எங்கள் தெருவில் அந்த இரண்டாவது ஹெல்மெட்டைக் காண்பது அரிது.

விருந்தில் குடித்துவிட்டுத் திரும்புவதைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை, ஏனெனில் அதில் பேசி முடிவெடுக்க எதுவும் இல்லை. 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி குற்றம். குடித்தவருடன் பயணம் செய்பவர் மீதும், குற்றத்துக்கு உடந்தை என்ற முறையில் நடவடிக்கை எடுக்கப்படும் என்று 2022 அக்டோபரில் சென்னைக் காவல்துறை அறிவித்தது. குடிக்காதவருக்கு உரிமம் இருந்தால் அவர் ஓட்டட்டும். இல்லாவிட்டால் சில நூறு ரூபாய்க்கு ஆக்டிங் டிரைவர் வருவார்.

என்னைப் போன்றோர் குற்றமாக நினைக்காதது தூக்கத்தைத்தான். பேருந்து, லாரி ஓட்டுநர்களுக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணி நேர ஓய்வு என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வரையறை செய்தது. சொந்தக் காரை ஓட்டும் குடும்பத் தலைவருக்கு அப்படி எந்த வரையறையும் இல்லை. அவரைப் பார்த்து "போதும், இறங்குங்கள்" என்று சொல்லக்கூடியவர் பக்கத்து இருக்கையில் இருப்பவர் மட்டுமே. ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் தமிழகச் சாலைகளில் 64,105 விபத்துகள் நடந்தன, 17,884 பேர் இறந்தார்கள். எங்கள் பெயர்களும் ஏதோ ஓர் ஆண்டின் கணக்கில் இரண்டாகச் சேர்ந்திருக்கும்.

அந்த இரவு மேல்மருவத்தூரிலிருந்து என் மனைவி ஓட்டினார். அவர் இருக்கையை முன்னே இழுத்த சத்தத்தை இடப்பக்கத்தில் அமர்ந்து கேட்டது எனக்கு அதுவே முதல் முறை. கிளாம்பாக்கம் வரை நான் தூங்கவில்லை. அவர் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லாரிக்குப் பின்னால் அவர் விடும் இடைவெளி நான் விடுவதைப் போல் இரண்டு பங்கு இருந்தது.

இப்போது புறப்படும் முன் மூன்றே கேள்விகள் கேட்டுக்கொள்கிறோம்: நேற்று இரவு யார் நன்றாகத் தூங்கியது, யார் என்ன மாத்திரை போட்டிருக்கிறோம், இருட்டிய பிறகு யார் கண்ணுக்கு எதிர் வெளிச்சம் கூசுகிறது. மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் என் பெயர்தான் வருகிறது, அதனால் பொழுது சாய்ந்தபின் அவர் ஓட்டுகிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தும் இடத்தில் கை மாறிக்கொள்கிறோம். எல்லோருக்கும் இதே முறை பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. மலைப்பாதையில் உட்கார்ந்து வந்தால் குமட்டும் என் அண்ணன் மகள், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் தானே ஓட்டுகிறாள். ஸ்டீயரிங் கையில் இருந்தால் அவளுக்குத் தலை சுற்றுவதில்லை. சமவெளியில் அவள் கணவர் ஓட்டுகிறார். "நிறுத்து" என்று பக்கத்தில் இருப்பவர் சொன்னால் காரணம் கேட்காமல் ஓரமாக நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அதன்பின் "நீயே ஓட்டு" என்ற சொல் எங்கள் காரில் எழவில்லை.

பண்டிகைக் காலங்களில் போக்குவரத்து மாற்றங்களையும் சிறப்புப் பேருந்துகள் புறப்படும் இடங்களையும் தாங்கள் தவறாமல் வெளியிடுகிறீர்கள். அதே கட்டத்துக்குள், காரில் செல்லும் தம்பதியர் யார் எங்கிருந்து எங்குவரை ஓட்டுவது என்பதை வீட்டிலேயே பேசிவிட்டுப் புறப்படுமாறும், உரிமையாளர் அல்லாத மற்றவருக்கும் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பாலிசியைப் பார்த்துக்கொள்ளுமாறும் இரண்டு வரிகள் சேர்த்து, போகிக்கு முன்பாகவே வெளியிட வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்,
ஆதம்பாக்கம், சென்னை 88