மில் காணியை விற்கும் முன்னர்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் பழைய ஆலைக் காணிகளில் மாடி எழும்புவது பற்றிப் பேச்சு வந்தால், "சும்மா பாழாய்க் கிடந்த இடந்தானே" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது சுருக்கென்று தைக்கும்.

நான் மணமுடித்து வந்தபோது மாமா வெள்ளவத்தை நெசவு ஆலையில் தறிப் பகுதியில் இருந்தார். வீட்டில் அவர் பேசினால் பக்கத்து வீட்டார் சண்டையென்று எட்டிப் பார்ப்பார்கள். தறிச் சத்தத்தில் காது மந்தம். ஆனால் வாயசைவைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவார். குசினியில் மாமியும் நானும் குசுகுசுக்க வழியில்லை, திரும்பி நின்றுதான் பேசுவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய ஆலை அது. தமிழர், சிங்களவர், மலையாளிகள் என்று எல்லோரும் ஒரே கூரையின் கீழ் நூல் நூற்றார்கள். 1933இல் அங்கே நடந்த வேலைநிறுத்தத்தில் தொழிலாளருக்குத் துணை நின்றவர் கொல்வின் ஆர். டி சில்வா. அவரும் சேர்ந்து தொடங்கிய இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சி பிறக்க அப்போது இன்னும் இரண்டு வருடம் இருந்தது. 1977இல் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு வெளிநாட்டுத் துணி வந்து குவிய உள்ளூர் ஆலைகள் தள்ளாடின. இன்று அந்த ஆலை இருந்த 18 ஏக்கரில், ஹெவ்லொக் வீதியோரம், கோபுரங்கள் நிற்கின்றன.

போன வருடம் பேரனைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். "பூட்டப்பா எங்கே நின்று வேலை செய்தவர்?" என்று கேட்டான். எந்த மாடியைக் காட்டுவது? அண்ணாந்து பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

மாடி கட்டவே கூடாதென்று நான் சொல்லவில்லை. ஒழுகும் தகரக் கூரையைக் கட்டிக்கொண்டு அழ எனக்கும் விருப்பமில்லை. ஆனால் நிபந்தனையெல்லாம் விற்கும் முன்னரே எழுத்தில் இருக்க வேண்டும். பம்பாயில் என்ன நடந்தது? ஆலைக் காணியைத் திருத்திக் கட்டினால் ஒரு பங்கு திறந்த வெளிக்கு, ஒரு பங்கு பொது வீடமைப்புக்கு, மிச்சம் உரிமையாளருக்கு என்று 1991இல் விதி போட்டார்கள். 2001இல் அதைத் திருத்தி, கட்டடம் இல்லாத வெறும் நிலத்துக்கு மட்டும் அந்தப் பங்கீடு என்றாக்கினார்கள். ஆலைக் காணியில் கட்டடந்தானே அதிகம்! பொதுமக்களின் பங்கு சுருங்கிப்போனது. வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம்வரை போயும், 2006இல் அந்தத் திருத்தமே நிலைத்தது.

பழைய சுவரை வைத்துக்கொண்டும் வியாபாரம் செய்யலாம். கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒல்லாந்தர் கால ஆஸ்பத்திரியைத் திருத்தி 2011இல் கடைகளாகத் திறந்தார்களே. அங்கே ஒரு கோப்பிக்குக் கொடுக்கும் காசு வேறு கதை. சுவரும் முற்றமுமாவது மிஞ்சின.

ஆகவே, இனிமேல் கொழும்பில் ஆலையோ களஞ்சியமோ இருந்த காணிக்கு அனுமதி கொடுக்கும்போது நகர அபிவிருத்தி அதிகார சபை மூன்றை உடன்படிக்கையில் எழுதட்டும்: பழைய கட்டடத்தில் ஒரு துண்டாவது இடிபடாமல் நிற்க வேண்டும், அங்கே வேலை செய்தவர்களைப் பற்றி மூன்று மொழியிலும் ஒரு பலகை வேண்டும், ஒரு வீதியிலிருந்து மறு வீதிக்கு யாரும் நடந்து போக வழி வேண்டும். அந்த வழிக்குக் கேற் போடக்கூடாது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். போட்டுவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06.